தேயிலையை விற்றோம், கோப்பையை மறந்தோம்

சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் ஒரு நாள் காலை. ஹற்றன் புகையிரத நிலையத்துக்குக் கிட்ட நண்பர் ஒருவரின் தேயிலைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். மலையேறி இறங்கிய களைப்போடு வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று கடைக்கு வந்தது. ஆளுக்கு இரண்டாக நான்கு பைக்கற் தேயிலை எடுத்தார்கள். விலை கூடப் பேசவில்லை. பிறகு அந்தப் பெண் கேட்டார்: "இதைக் குடிக்க இந்த ஊர்க் கோப்பை ஏதும் இருக்கிறதா?"

நண்பர் உற்சாகமாக மேல்தட்டிலிருந்து ஒரு மக்கை எடுத்து நீட்டினார். கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் போட்ட பளபளப்பான மக். அந்தப் பெண் அதை ஆசையோடு வாங்கினார். சுற்றிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். அடியில் எழுதியிருந்ததை வாசித்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அது சீனாவில் செய்த மக்.

அவர்கள் போன பிறகு நண்பர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கோப்பை வித்து என்ன நானா காணுற? எங்கட யாவாரம் தேயிலதானே."

இந்தப் பதில் அவருடையது மட்டுமல்ல. ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா என்று எந்த ஊரில் கேட்டாலும் நம் வியாபாரிகள் இதைத்தான் சொல்வார்கள். இந்தப் பதில் எவ்வளவு தவறானது என்பதை இருநூறு வருடத்துக்கு முந்திய ஒரு வியாபாரக் கதையை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

நம் நாவில் இருக்கும் சாட்சி

சோறு தின்னும் தட்டை நாம் பீங்கான் என்கிறோம். சிங்களச் சகோதரர்கள் பிங்கான என்கிறார்கள். மலாய்க்காரர்களும் பிங்கான் என்றுதான் சொல்கிறார்கள். மூன்று மொழியிலும் ஒரே சொல். அதன் மூலம் பாரசீக மொழி. பொருள் சீனாவுடையது, பெயர் பாரசீகத்துடையது. இடையில் அதைச் சுமந்து வந்தது யார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

1998 ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்கு அருகே கடலடியில் ஒரு கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. அரபு நாட்டு முறையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்குள் ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான், மட்பாண்டத் துண்டுகள் இருந்தன. கிண்ணங்கள் உடையாமல் இருக்க அவற்றைப் பெரிய சாடிகளுக்குள் அடுக்கியிருந்தார்கள். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்திய பொதியிடல் அது. நமது யாழ்ப்பாணத் தீவகத்து அல்லைப்பிட்டியிலும் 1977 இல் சீனாவின் சொங் காலத்துப் பீங்கான்கள் நிலத்துக்கடியிலிருந்து கிடைத்தன. ஆக, பீங்கான் வியாபாரம் இந்தத் தீவுக்கும் இந்தக் கடலுக்கும் புதியதல்ல.

அமெரிக்கக்காரனின் முதல் கப்பல்

இப்போது கதைக்கு வருவோம். 1773 டிசம்பர் 16 ஆம் திகதி இரவு, பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையை அமெரிக்கர்கள் கடலில் கொட்டினார்கள் என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தத் தேயிலை இலங்கையுடையதோ இந்தியாவுடையதோ அல்ல. அப்போது இங்கே தேயிலைத் தோட்டமே இல்லை. அது சீனத் தேயிலை. பிரித்தானியக் கிழக்கிந்தியக் கொம்பனி கொண்டுவந்தது. தேயிலையானாலும் பீங்கானானாலும் அமெரிக்கர்களுக்குப் பிரித்தானியர் கை வழியாகத்தான் வர வேண்டும் என்ற நிலை அன்றிருந்தது.

சுதந்திரம் கிடைத்ததும் அமெரிக்க வியாபாரிகள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சீனாவுக்கு நேரடியாகக் கப்பல் அனுப்பியது. 'எம்ப்ரஸ் ஒஃப் சைனா' என்ற அந்தக் கப்பல் 1784 பெப்ரவரி 22 ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டது. போகும்போது ஏற்றியது பெரும்பாலும் ஜின்செங் என்ற காட்டு வேர். அமெரிக்காவில் காட்டில் கிடைப்பது, சீனாவில் விலை உயர்ந்த மருந்து. அடுத்த வருடம் மே 11 ஆம் திகதி திரும்பி வரும்போது தேயிலையும் பீங்கானும் துணியும் நிறைந்திருந்தன. போட்ட முதலுக்கு 25 வீத அளவில் இலாபம் கண்டார்கள். அதன் பின் அமெரிக்கக் கப்பல்கள் வரிசையாகச் சீனாவுக்கு ஓடத் தொடங்கின.

அவர்கள் போன துறைமுகம் கன்டன். இன்றைக்கு அதன் பெயர் குவாங்சோ. நம்மவர்கள் சரக்கெடுக்க விமானம் ஏறிப் போகும் அதே குவாங்சோதான்!

கவனிக்க வேண்டிய விடயம் கப்பலில் சரக்கை அடுக்கிய முறை. பீங்கான் பாரமானது, தண்ணீர் பட்டாலும் கெடாது. தேயிலை இலேசானது, ஈரம் பட்டால் ஒன்றுக்கும் உதவாது. எனவே அடித்தட்டில் பீங்கான் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் தேயிலையை ஏற்றினார்கள். கப்பலுக்குத் தேவையான பாரத்தையும் பீங்கான் கொடுத்தது, தேயிலையை ஈரத்திலிருந்தும் காத்தது. கல்லையும் மண்ணையும் பாரத்துக்கு ஏற்றுவதற்குப் பதிலாக, விலைபோகும் பொருளை ஏற்றினார்கள். வியாபாரி மூளை என்பது இதுதான்.

மேசைக்கு வந்த கோப்பை

அந்தக் கோப்பைகள் அமெரிக்காவில் யார் வீட்டுக்குப் போயின? பணக்காரர் வீட்டுக்கு மட்டுமா? இல்லை. அக்காலத்துச் சொத்துப் பட்டியல்களைப் பார்த்தவர்களும், பழைய வீடுகளின் குப்பைக்குழிகளைத் தோண்டிய ஆய்வாளர்களும் ஒன்றைச் சொல்கிறார்கள். சாதாரணக் குடும்பங்களிலும் சீனத் தேநீர்க் கோப்பை இருந்தது. முழுத் தொகுதி வாங்க முடியாதவர்கள் இரண்டு கோப்பை, ஒரு சாஸர் என்று வாங்கினார்கள்.

ஏனென்றால் கன்டன் வியாபாரிகள் எல்லாப் பைக்கும் ஏற்ற சரக்கு வைத்திருந்தார்கள். வெள்ளையில் நீலக் கோடு போட்ட மலை, ஆறு, பாலம் வரைந்த மலிவான ரகம் ஒன்று. அது அன்றாடப் பாவனைக்கு. பூவும் பொன்னும் வைத்த நடுத்தர ரகம் இன்னொன்று. வாங்குபவரின் பெயரின் முதலெழுத்தை, குடும்பச் சின்னத்தை, கழுகுச் சின்னத்தைச் சொன்னபடி வரைந்து தரும் உயர்ந்த ரகம் மூன்றாவது.

மூன்றாவது ரகத்தை எப்படிச் செய்தார்கள் என்பது நாம் படிக்க வேண்டிய பாடம். பீங்கான் சுடப்பட்டது உள்நாட்டில் வெகு தொலைவில் இருந்த ஜிங்தெசென் நகரத்தில். அங்கிருந்து படமில்லாத வெள்ளைக் கோப்பைகளை மொத்தமாகக் கன்டனுக்கு இறக்கி வைத்துக்கொண்டார்கள். கப்பல் வந்து ஓடர் கொடுத்த பிறகு, கடைக்குப் பின்னாலிருந்த பட்டறையில் படம் வரைந்து மீண்டும் சிறு சூட்டில் சுட்டுக் கொடுத்தார்கள். வாடிக்கையாளருக்குக் காட்ட மாதிரித் தட்டும் இருந்தது. ஒரே தட்டின் விளிம்பை நான்காகப் பிரித்து நான்கு வகைக் கரையை வரைந்திருப்பார்கள். பார்த்து விரலை வைத்தால் போதும்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பின்னர் வந்த ஜோர்ஜ் வொஷிங்டன், 1786 இல் 302 துண்டுகள் கொண்ட ஒரு சீனப் பீங்கான் தொகுதியை ஏறத்தாழ 150 டொலருக்கு வாங்கினார். அவர் தலைமை தாங்கிய போர் அதிகாரிகள் சங்கத்தின் சின்னம் அதில் வரையப்பட்டிருந்தது. அதைக் கன்டனில் வரையச் சொல்லிக் கொடுத்தவர், 'எம்ப்ரஸ் ஒஃப் சைனா' கப்பலில் சரக்குப் பொறுப்பாளராகச் சென்ற சாமுவேல் ஷோ. நாட்டின் பெரிய மனிதரும் தன் மேசையில் தன்னுடைய அடையாளம் போட்ட கோப்பையைத்தான் விரும்பினார். மனித ஆசை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

தேயிலை அழியும், கோப்பை நிற்கும்

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இலாபம் தேயிலையில்தானே இருந்தது? உண்மைதான், மறுக்கவில்லை. கப்பல் சரக்கின் பெறுமதியில் பீங்கான் சிறு பங்குதான்.

ஆனால் இன்னொரு கப்பலின் கதையையும் கேளுங்கள். அப்போது நமது காலியையும் கொழும்பையும் ஆண்டுகொண்டிருந்த அதே ஒல்லாந்துக் கொம்பனியின் 'கெல்டர்மால்சன்' என்ற கப்பல், கன்டனிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில் 1752 ஜனவரியில் தென்சீனக் கடலில் மூழ்கியது. ஏறத்தாழ 6 இலட்சத்து 87 ஆயிரம் இறாத்தல் தேயிலை அதிலிருந்தது. கூடவே 63,000 க்கும் மேற்பட்ட தேநீர்க் கோப்பைகளும் சாஸர்களும், மற்றப் பீங்கான்களும் இருந்தன. 1985 இல் அதைக் கண்டெடுத்தார்கள். தேயிலை மக்கிச் சேறாகியிருந்தது. பீங்கானோ கழுவி எடுத்ததும் நேற்றுச் சுட்டது போல் இருந்தது. அடுத்த வருடம் அம்ஸ்டர்டாமில் ஒன்றரை இலட்சம் துண்டுகள் வரை ஏலத்தில் விற்றுத் தீர்ந்தன.

தேயிலை ஒரு மாதத்தில் குடித்து முடிந்துவிடும். பைக்கற்றைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கோப்பை பத்து வருடம் மேசையில் இருக்கும். ஒவ்வொரு காலையும் அது உங்கள் ஊரை, உங்கள் கடையை நினைவூட்டும். தேநீர் குடிக்கப் பழகியவன் கோப்பை வாங்குவான். நல்ல கோப்பை வாங்கியவன் அதற்குள் ஊற்ற அதே தேயிலையைத் தேடுவான். நான் சொல்ல வந்த செய்தி இது ஒன்றுதான்.

நியூயோர்க்கிலிருந்து மாத்தளைக்கு

சீனக்காரர்களின் அமெரிக்க வியாபாரம் என்றென்றைக்கும் நிலைக்கவில்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் தொழிற்சாலைகள் சீன நீலப்படத்தைப் பார்த்துக் கடதாசியில் அச்சடித்து, கோப்பையில் ஒட்டிச் சுடக் கற்றுக்கொண்டன. கையால் வரையும் வேலை மிச்சம், விலை மலிவு. படத்துக்கு ஒரு காதல் கதையையும் கட்டிவிட்டார்கள். காதலர் இருவர் பறவைகளாக மாறிப் பறந்த கதை. சீனாவில் அப்படியொரு கதையே கிடையாது. ஆனால் கோப்பை விற்றது. நமது மலையகத்துத் துரைமார் பங்களாக்களின் மேசைக்கு வந்ததும் அந்த இங்கிலாந்துக் கோப்பைகள்தான்.

பிறகு ஜப்பானியர் வந்தார்கள். மொரிமுரா சகோதரர்கள் 1876 இல் ஒரு சிறு வியாபாரக் கொம்பனியைத் தொடங்கி, நியூயோர்க்கில் கடை போட்டு ஜப்பானியப் பொருட்களை விற்றார்கள். அமெரிக்கக் குடும்பங்கள் வெள்ளைப் பீங்கானில் என்ன கேட்கின்றன என்பதைக் கடைக்குள் நின்றே கற்றுக்கொண்டார்கள். 1904 இல் நகோயாவுக்கு அருகே நொரிட்டாக்கே என்ற ஊரில் தொழிற்சாலை வைத்தார்கள். அமெரிக்க மேசைக்கேற்ற முழுத் தொகுதியைச் செய்து முடிக்கப் பத்து வருடம் பிடித்தது. 1914 இல்தான் முதல் தொகுதி கப்பலேறியது.

கடைக்காரராகத் தொடங்கியவர்களின் அந்தக் கொம்பனிதான் 1970களின் தொடக்கத்தில் நமது அரசாங்கத்தின் பீங்கான் கூட்டுத்தாபனத்தோடு கூட்டாகச் சேர்ந்து மாத்தளையில் தொழிற்சாலை தொடங்கியது. அவர்களை இங்கே இழுத்தது நமது மண். மீட்டியாகொடையிலும் பொரலஸ்கமுவையிலும் வெண்களிமண் இருக்கிறது. பீங்கானுக்குத் தேவையான ஃபெல்ட்ஸ்பார் கனிமம் மாத்தளைப் பக்கத்திலேயே கிடைக்கிறது. தங்கொட்டுவையிலும் 1984 முதல் பீங்கான் தொழிற்சாலை இருக்கிறது. இலங்கைப் பீங்கான் இன்று உலகின் பெரிய கடைகளில் விற்கப்படுகிறது.

யோசித்துப் பாருங்கள். அமெரிக்கக் குடும்பத்தின் தேநீர் மேசைக்காகப் பிறந்த ஒரு தொழில் உலகத்தைச் சுற்றிக்கொண்டு நமது மத்திய மாகாணத்துக்கே வந்துவிட்டது. ஹற்றனிலிருந்து மாத்தளை கண்டி வழியாக அரை நாள் பயணம். தேயிலையும் இங்கே, கோப்பையும் இங்கே. இரண்டையும் ஒரு பெட்டிக்குள் வைக்க மட்டும் ஆளில்லை!

சம்பள நாளை நம்பும் கடைகள்

இது அழகான கோப்பை பற்றிய பேச்சல்ல, நமது வயிற்றுப் பிரச்சினை. மலையக நகரங்களில் பெரும்பாலான கடைகள் தோட்டத்துச் சம்பள நாளை நம்பியே ஓடுகின்றன. மாதம் பத்தாம் திகதி கழிந்தால் கடையில் கூட்டம். இருபதாம் திகதிக்குப் பிறகு கடன் கொப்பி. கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை சரிந்தால், தோட்டத்தில் வேலை நாள் குறைந்தால், முதலில் தடிப்பது நமது கடன் கொப்பிதான். 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். கொழுந்து விழுந்தது, கடைகளும் விழுந்தன. 2019 ஏப்ரலுக்குப் பிறகும் 2022 நெருக்கடியிலும் நமது வியாபாரிகள் பட்டதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

மறுபுறம் பாருங்கள். 2018 இல் 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் இந்நாட்டுக்கு வந்தார்கள். இடையில் விழுந்த தொகை 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. கண்டியிலிருந்து எல்ல வரையான மலைப் புகையிரதப் பயணம் அவர்களில் பலருக்குக் கனவு. அவர்கள் நம் கடை வாசலால்தான் நடந்து போகிறார்கள். தோட்டத்துச் சம்பளத்துக்கும் அவர்கள் பணத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு கால் தடுக்கினாலும் மறு கால் நிற்கும்.

நான் செய்த தவறு

கோப்பை வியாபாரம் பற்றி இவ்வளவு எழுதும் நான் அதில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதையும் மறைக்கக்கூடாது. பல வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடம் கோப்பை-சாஸர் எட்டு டசின் எடுத்தேன். விலை ஆச்சரியமான மலிவு. செக்கண்ட்ஸ் சரக்கு என்பது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்குக் குறை தெரியவில்லை. நுவரெலியாவில் விருந்தினர் விடுதி நடத்திய ஒருவருக்கு முதல் தரம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஜனவரி மாதத்துப் பனிக்காலை. பனியில் குளிர்ந்து கிடந்த கோப்பையில் கொதிக்கும் தேநீரை ஊற்றினார்கள். மயிரிழைக் கீறல் இருந்தவை ஒவ்வொன்றாக வெடித்தன. ஒரு விருந்தாளியின் மடியில் சூடான தேநீர் கொட்டியது. அந்த விடுதிக்காரர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. மிச்சக் கோப்பைகளைப் பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டார். தேயிலை, சீனி, அரிசி என்று பன்னிரண்டு வருடமாக என்னிடம் எடுத்தவர், அதன் பிறகு ஒரு தீப்பெட்டியும் எடுக்கவில்லை. மொத்த வியாபாரி என்னை ஏமாற்றவில்லை, நான்தான் அவரை ஏமாற்றினேன். குறையைச் சொல்லி விற்பது நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய பாடமுமல்ல.

செக்கண்ட்ஸ் விற்பது தவறில்லை. அதற்கென்று தனித் தட்டு வைத்து, அதற்கென்று விலை போட்டு, சொல்லி விற்க வேண்டும். வாங்கும்போது ஒவ்வொரு கோப்பையையும் விரலால் தட்டிப் பாருங்கள். நல்ல கோப்பை மணி போல் ஒலிக்கும். கீறல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும். குளிர் பிரதேசத்தில் விற்கிறோம், எனவே கோப்பையை முதலில் வெந்நீரால் கழுவிச் சூடாக்கிவிட்டுத் தேநீர் ஊற்றச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே வாடிக்கையாளர் உங்களை விடயம் தெரிந்தவர் என்று மதிப்பார்.

என்ன செய்யலாம்?

முதலாவது, வெள்ளைச் சரக்கு. கன்டன் வியாபாரி செய்ததைத்தான் நாமும் செய்ய வேண்டும். பெரிய தொழிற்சாலை எதுவும் ஐம்பது கோப்பைக்காகத் தன் வேலையை மாற்றாது. எனவே நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து படமில்லாத வெள்ளைக் கோப்பையை மொத்தமாக எடுத்துப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தனியாகப் போனால் சில்லறை விலை, சேர்ந்து போனால் மொத்த விலை.

இரண்டாவது, படம். இன்று நகரங்களில் உடனடியாக அச்சடித்துத் தரும் மக்குகள் மேற்பூச்சில் ஏற்றிய படங்கள், கழுவக் கழுவ மங்கும். படத்தாளை ஒட்டி 800 பாகை செல்சியஸ் அளவில் மீண்டும் சுட்டால் படம் மெருகோடு சேர்ந்துவிடும். அதற்குச் சிறிய மின்சூளை போதும். ஒரு நகரத்துக்கு ஒரு சூளை இருந்தால் எல்லாக் கடைக்கும் செய்யலாம். படித்துவிட்டு வேலை தேடும் நம் வாலிபர் ஒருவருக்கு அது தொழிலுமாகும்.

மூன்றாவது, மூன்று விலை. ஒற்றைக் கோப்பை, கோப்பையும் சாஸரும், தேயிலையோடு சேர்ந்த பரிசுப் பெட்டி. பெட்டிக்குள் வைக்கும் தேயிலை சிங்க இலச்சினை உள்ளதாக இருக்கட்டும். இலங்கையிலேயே பொதி செய்த, நூற்றுக்கு நூறு இலங்கைத் தேயிலைக்கு மட்டுமே அது கிடைக்கும்.

நான்காவது, கதை. ஆங்கிலேயர் பொய்க் கதை சொல்லி விற்றார்கள். நமக்குப் பொய் தேவையில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டதும், 1873 இல் அங்கிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போனதும் உண்மை. கொழுந்து எந்தத் தோட்டத்துடையது, எந்த உயரத்தில் வளர்ந்தது, கோப்பையின் மண் எங்கிருந்து வந்தது என்று நாலு வரி எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.

உடையுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். உடையும்தான். உடைசலுக்கு ஒரு பங்கை விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாடிக்குள் கிண்ணம் அடுக்கிக் கடல் கடந்தார்கள் அந்தக் காலத்தவர்கள். கடதாசிப் பெட்டியும் தேயிலைப் பைக்கற்றும் கையிலிருக்கும் நமக்கு அது ஒரு தடையா?

அன்று ஹற்றன் கடையிலிருந்து புறப்படும்போது நண்பர் அந்தச் சீன மக்கை இன்னும் கையில் வைத்திருந்தார். "அடியில எழுதினத வாசிப்பாங்கண்டு நான் நெனக்கல்ல நானா" என்றார்.

வாசிக்கிறார்கள். இனி எல்லோரும் வாசிப்பார்கள். அடியில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.